அஷ்டமியில் எண்ணூர்

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், வருஷக் கடைசியில் தினசரி காலண்டர். காலண்டர் முழுவதையும் நாங்கள் அடிப்பதில்லை. சிவகாசியில் இருந்து வந்து இறங்கும். அட்டையில் கடைப் பெயரும் போன் நம்பரும் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. இருபது வருஷமாக டிசம்பர் வந்தால் திதி, நட்சத்திரம், ராகு காலம், குளிகை எல்லாம் என் கையில் புரண்டு போயிருக்கின்றன. அந்தத் திதியால் எனக்கு என்ன பிரயோஜனம் என்பதைக் கடைசியில் எண்ணூர்ச் சேற்றில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் காலை நடை என்றால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையின் ஓரம், இல்லாவிட்டால் மொட்டை மாடி. மரம், பறவை பார்க்க வேண்டுமென்றால் கிண்டிக்குப் போ, பள்ளிக்கரணைக்குப் போ என்பார்கள். எல்லாம் ஊருக்கு அந்தக் கோடி. பொன்னேரியில் ஒரு வாடிக்கையாளருக்காக மாதம் இரண்டு முறையாவது கும்மிடிப்பூண்டி லோக்கலில் போவேன். எண்ணூர் தாண்டியதும் ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறும். புகைபோக்கிகள், மின்கோபுரங்கள், அவற்றின் காலடியில் கரும்பச்சையாக ஒரு திட்டு. வருஷக்கணக்கில் அதைச் சீமைக் கருவேலம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் சிக்னலுக்காக ரயில் பாலத்தை ஒட்டி நின்றபோதுதான் கவனித்தேன்: அந்தப் பச்சை தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

அலையாத்திக் காடு. பிச்சாவரத்துக்குக் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போய், டிக்கெட் வாங்கிப் படகில் ஏறிப் பார்த்த அதே மரம். இங்கே வீட்டில் இருந்து அரை மணி நேரத் தூரத்தில், பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாறும் கலந்து கடலுக்குப் போகும் கழிமுகத்தில் நிற்கிறது. கால்வாய்க்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. 1806-இல் வெட்டத் தொடங்கியபோது அதன் முதல் துண்டே சென்னையில் இருந்து எண்ணூர் வரை உப்பும் விறகும் கொண்டுவரத்தான். ரயிலும் லாரியும் வந்தபிறகு அது சாக்கடையாகிவிட்டது, அது வேறு கதை.

முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமாவாசையும் சேர்ந்து வந்தது. அம்மாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி, நிறைந்த நாள் என்றாள். மச்சானை எழுப்பிக் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கினேன். விசாரித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், கண்ணுக்குத் தெரிந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். வழியில் கணுக்கால் அளவு தண்ணீரோடு ஒரு ஓடை. தாண்டிக் குதித்தோம். அதற்கப்புறம் சேறு. என் வலது செருப்பு நாலாவது எட்டிலேயே போய்விட்டது. கையை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. வெறுங்காலோடு போனதில் சிப்பி ஓடு ஒன்று உள்ளங்காலைக் கீறியது. ஆனாலும் மரங்களுக்குப் பக்கத்தில் போய்விட்ட சந்தோஷத்தில் ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து பார்த்தால், குதித்துத் தாண்டிய ஓடையைக் காணோம். அந்த இடத்தில் அகலமாகத் தண்ணீர், அதுவும் ஊருக்குள் போகும் திசையில் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் இறங்கிப் பார்த்தான், தொடை வரை வந்தது. அதற்கு மேல் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரியாது. அப்போதுதான் வீச்சுவலையோடு படகில் நின்றிருந்த ஒரு பெரியவர் கத்தினார்: "யோவ், அங்கயே நில்லு! கால எடுக்காத!"

படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்கத் திட்டு. "தண்ணி ஏர்ற நேரத்துல உள்ள பூந்து நிக்கிறீங்களே, இன்னா தெகிரியம்? அமாசன்னிக்கி காலைல எட்டு, எட்டரைக்குத் தளும்பி நிக்கும். இது கூடத் தெரியாமலா வந்தீங்க?" தெரியாமல்தான் வந்தோம். கடற்கரை ஊரில் ஐம்பது வருஷம் இருந்துவிட்டு, கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் என்பதைப் பள்ளிக்கூடப் பாடமாக மட்டுமே தெரிந்து வைத்திருந்தேன்.

அவர் காட்டுக்குப்பத்துக்காரர். மகன் அவரை நைனா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். அன்றைக்கு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, குடிதண்ணீரால் என் காலைக் கழுவச் சொன்னார். ஆற்றுத் தண்ணீரில் கழுவப் போனவனைத் தடுத்தது அவர்தான். அன்று சாயங்காலமே டிடி ஊசி போட்டுக்கொண்டேன். போகிறவர்கள் இரண்டு லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போங்கள், குடிக்க இல்லை, கால் கழுவ. காலில் ஏற்கெனவே புண் இருந்தால் அந்த வாரம் போகவே வேண்டாம். இந்தத் தண்ணீரில் ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலந்திருக்கின்றன.

திண்ணையில் அவர் சொன்ன கணக்கு இதுதான். கடல் ஏறுவதை அவர்கள் ஏத்தம் என்கிறார்கள், இறங்குவதை வத்தம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எங்கள் கரையில் காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் ஏத்தம் உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் அது முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே தள்ளிப்போகும். ஆக, ஏழெட்டு நாள் கழித்து அதே காலை நேரத்துக்கு வத்தம் வந்துவிடும். "அட்டமி, நவமில வா. காலைல வத்தம். தண்ணியும் மந்தமா இருக்கும், ரொம்ப ஏறாது, ரொம்ப எறங்காது. உங்கள மாதிரி ஆளுக்கு அதான் சரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஷ்டமி, நவமியில் எங்கள் அச்சகத்தில் ஒருவரும் பத்திரிகை ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். அந்த இரண்டு நாளும் மிஷினைத் துடைத்துக்கொண்டு சும்மா இருப்போம். இதுவரை கெட்ட நாள் என்று நான் ஒதுக்கி வைத்ததெல்லாம் கழிமுகத்தில் நடக்க நல்ல நாள். அதற்குக் காரணமும் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன, ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. அரைநிலாக் காலத்தில் ஒன்றுக்கொன்று குறுக்கே இழுப்பதால் அது சிறுத்துப் போகிறது. இந்தக் கணக்கு ஒரு குத்துமதிப்புக்குத்தான். முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டிருந்தால் உள்ளே நேரம் மாறும். போனில் ஏற்ற இறக்க அட்டவணை பார்த்தாலும், கரையில் ஒருவரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

அடுத்த தடவை தை மாதத்துத் தேய்பிறை அஷ்டமியில் போனேன். அம்மாவிடம் பொன்னேரிக்கு வேலையாகப் போவதாகச் சொன்னேன். காலுக்குப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு, குதிகாலில் இறுக்கிப் பிடிப்பது. கம்பூட் வாங்கலாமா என்று நைனாவிடம் போனில் கேட்டதற்கு, "அது சேத்துக்குள்ளயே நின்னுடும், நீ மட்டும் வெளிய வருவ" என்றார். முழங்காலுக்குக் கீழே மூடும் பழைய பேன்ட், முழுக்கைச் சட்டை, கொசுவுக்குத் தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து. படகில் ஏறியதும் உயிர்காப்பு ஜாக்கெட் போடச் சொன்னார். அவர் போட்டுக்கொள்ளவில்லை, அதைப் பற்றி நான் பேசவும் இல்லை.

படகு திட்டின் ஓரம் ஒதுங்கியபோது மணி ஏழு. சேற்றில் நடப்பதை அங்கேதான் முதலில் சொல்லிக்கொடுத்தார். கண்ணை முன்னால் போகும் ஆளின் மேல் வைக்காதே, செடியின் மேல் வை. உமரி முளைத்த இடம் கெட்டித்தரை. உமரி என்பது குட்டையாக, சதைப்பற்றான இலையோடு, வெயில் ஏறினால் சிவப்படிக்கும் செடி, மேட்டில்தான் வரும். செடியே இல்லாமல் மினுமினுவென்று இருந்தால் அங்கே இழுக்கும். இன்னொன்று, சாம்பல் நிறத்தில் மேலே பாளம் பாளமாகக் காய்ந்து தெரியும் இடங்கள். அது சேறு கூட இல்லை, குழாயில் இருந்து கசிந்து வந்து படிந்த அனல்மின் நிலையச் சாம்பல். மேலே அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும், உள்ளே கூழ். அதில் அவர்களே இறங்குவதில்லை.

கால் மாட்டிக்கொண்டால் மேல்நோக்கி இழுக்கக்கூடாது. இழுக்க இழுக்க மற்ற கால் உள்ளே போகும். குதிகாலை மெல்ல ஆட்டி, காலைச் சுற்றித் தண்ணீர் இறங்க வழி விட வேண்டும். அப்புறம் முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் தானே விடும். நான் இரண்டு முறை மாட்டினேன். இரண்டாம் தடவை செருப்போடு வெளியே வந்தேன், அது எனக்குப் பெரிய விஷயம்.

மரங்களுக்குள் போனதும் சத்தம் மாறியது. மின்நிலையத்தின் ரீங்காரம் நிற்கவில்லை, ஆனால் தூரத்து வீட்டு மிக்ஸி போல ஆகிவிட்டது. கீழே ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டு வைத்தது போல மூச்சுவேர்கள். காற்று புகாத சேற்றில் வேர் மூச்சுவிட வழியில்லாததால் இப்படி மேலே நீட்டிக்கொள்கின்றன. அவற்றின் மேல் கால் வைத்தால் கெட்டியாகத்தான் இருக்கும், வழுக்காது. அதனாலேயே புதிதாக வருகிறவர்கள் அதில் மிதித்துப் போகிறார்கள். மிதித்தால் மரத்தின் மூக்கை ஒடித்த மாதிரி. சுற்றித்தான் போக வேண்டும், நேரம் ஆனால் ஆகட்டும். இலையின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் நறநறவென்று உப்பு. வேர் இழுத்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. நாக்கில் வைத்துப் பார்க்க ஆசை வரும், வேண்டாம்.

அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்ததே, அதன் மிச்சம் என்றார் நைனா. நகத்தால் சுரண்டினால் இன்னும் பிசுக்காக வந்தது. அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு தடித்த இலையோடு அலையாத்திக் கன்றுகள் முளைத்திருந்தன. இந்த மரத்தின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிடத் தொடங்கி, விழுந்து மிதந்து, சேறு கிடைத்த இடத்தில் ஊன்றிக்கொள்கிறது.

அங்கே ஒரு காய்ந்த மரத்தண்டின் மேல் உட்காரச் சொன்னார். "ஆடாத. பேசாத. பத்து நிமிசம்." முன்னால் வெறும் சேறு, பட்டாணி அளவு ஓட்டைகள், வேறு ஒன்றும் இல்லை. முதல் இரண்டு நிமிஷம் முதுகு அரித்தது, கொசு ஒன்று காதைச் சுற்றியது. அப்புறம் ஒரு ஓட்டையின் வாயில் இரண்டு தீக்குச்சி முனைகள். கண்கள். வெளியே வந்தது கட்டைவிரல் நகத்தளவு நண்டு. ஒரு கை மட்டும் அதன் உடம்பையே விடப் பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில். அந்தக் கையைத் தூக்கி யாரையோ கூப்பிடுகிற மாதிரி வீசியது. உடனே பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் பத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறு முழுக்கக் கை வீசிக்கொண்டிருந்தது. பெரிய கை இருப்பதெல்லாம் ஆண். பெண்ணுக்கு இரண்டு கையும் சின்னது, இரண்டாலும் மாறி மாறிச் சேற்றை அள்ளி வாயில் வைத்து, சாரம் உறிஞ்சிவிட்டு மிச்சத்தை உருண்டையாகத் துப்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தும்மல் வந்தது. அடக்கினேன், முடியவில்லை. ஒரு நொடியில் சேறு காலி. அடுத்த தரிசனத்துக்கு மறுபடி ஐந்து நிமிஷம் ஆனது, நானும் உட்கார்ந்திருந்தேன். அச்சகத்தில் ஒரு தாள் காய்வதற்குக் கூட நான் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

பறவைகளுக்குக் கார்த்திகையில் இருந்து மாசி வரை நல்ல காலம். அன்றைக்குக் கூழைக்கடா ஏழு, சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான் கூட்டம், தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று. தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போகலாம். கேமராவில் கவனம் வேண்டும். சுற்றிலும் துறைமுகம், மின்நிலையம், காவல் இருக்கும் வேலிகள். அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள், ட்ரோன் பேச்சே வேண்டாம்.

மரத்திட்டின் மறுபக்க ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பெண்கள் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். இருளர்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பறி என்கிற சின்னக் கூடைக்குள் போடுகிறார்கள். ஒருவரிடம் எவ்வளவு கிடைத்தது என்று நான் கேட்டேன். பறியை வாயில் கவ்வியிருக்கும் ஆளிடம் கேள்வி கேட்ட என் புத்தியை என்ன சொல்ல. அவர் பறியைக் கையில் எடுத்து, "முன்ன மாதிரி இல்லண்ணா, கீழ பூரா காக்கா ஆழி" என்று சொல்லிவிட்டு மறுபடி கவ்விக்கொண்டார்.

காக்கா ஆழியை நைனா துடுப்பால் கிளறிக் காட்டினார். கறுத்த, விரல்கணு நீளச் சிப்பி, கொத்துக் கொத்தாக ஒன்றோடொன்று நார் போட்டுப் பிணைந்து அடிமண்ணை விரிப்பு போல மூடியிருந்தது. தென்னமெரிக்கக் கரைகளுக்கு உரிய உயிர் இது. இறால் பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மண் மூடிப்போனால் அது எங்கே புதையும்?

எட்டே முக்காலுக்கு நைனா படகில் ஏறச் சொல்லிவிட்டு, உடனே கிளம்பாமல் ஆற்றின் நடுவில் நங்கூரம் போட்டார். தேங்காய் மட்டை ஒன்று கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார் என்றார். மட்டை மெதுவானது. நின்றது. நின்ற இடத்தில் ஒரு சுற்று சுற்றியது. கொஞ்ச நேரம் தண்ணீர் எண்ணெய்க் கிண்ணம் போல அசையாமல் இருந்தது. அப்புறம் மட்டை வந்த வழியே திரும்ப, ரயில் பாலத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.

"ஏத்தம் வந்துடுச்சி" என்றார்.

இந்த ஆறு எங்கே தொடங்குகிறது தெரியுமா என்று கேட்டேன், கொஞ்சம் பெருமையாகத்தான். பள்ளிப்பட்டு, பூண்டி என்று ஒப்பிக்கத் தயாராக இருந்தேன். அவர் முகத்துவாரத்தைக் கைகாட்டினார். "எங்களுக்கு அங்கதான். இறால் குஞ்சு அங்கருந்துதான் உள்ள வருது, பெருசாயி அங்கயே போவுது. மேல இருந்து இன்னா வருது? மழைல மதகு தொறந்தா வெள்ளம் வரும். மத்த நாளு தண்ணியெல்லாம் உங்க வூட்டுக் கொழாய்ல இல்ல போவுது."

யோசித்தால் சரிதான். 1944-இல் பூண்டியில் அணை கட்டியதில் இருந்து கொசஸ்தலையின் தண்ணீர் கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும் புழலுக்கும் திரும்பி, எங்கள் தெருக் குழாய்க்கு வந்துவிடுகிறது. மலைப்பக்கம் தொடங்கும் ஆறு என் வீட்டுக் குடத்தில் முடிகிறது. எண்ணூரில் வருஷத்தில் பெரும்பாலான நாள் ஓடுவது கடல்.

கரைக்கு வந்ததும் படகுக்கான பணத்தைக் கொடுத்தேன். டீசல் உட்பட எவ்வளவு என்று முன்னாலேயே பேசிக்கொள்வது நல்லது. அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள், நாமும் குறைத்துக் கொடுத்துவிட்டு அதைத் தாராளம் என்று நினைத்துக்கொள்வோம். ஒருநாள் தொழில் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். அரைக் கிலோ வெள்ளை இறாலும் நாலு மடவை மீனும் வாங்கினேன். இங்கே பிடித்ததைச் சாப்பிடலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நைனா வீட்டில் தினமும் அதுதான் குழம்பு. நானும் சாப்பிட்டேன். மட்டி, ஆழி வகைகளை மட்டும் தொடுவதில்லை. தண்ணீரை வடிகட்டித் தின்று வளர்பவை, தண்ணீரில் இருக்கும் எல்லாமே அவற்றின் சதையில் சேரும்.

பைக்குள் இறாலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது நைனா கேட்டார், அச்சகம் வைத்திருப்பதாகச் சொன்னாயே, காலண்டர் போடுவாயா என்று. போடுவேன் என்றேன்.

"வர்ற வருசத்துக்கு ஒண்ணு எடுத்து வையி. திதி மட்டும் பெருசா தெரியணும். ரேசன் கடையாண்ட குடுத்ததுல எழுத்து பொடிசா இருக்குது, கண்ணாடி போட்டாலும் தெரியல."